மூன்று உபரித் தட்டுகள்

பெரியவர் உட்காரவில்லை. நின்றபடியே கடிதத்தைத் துப்பறிவாளரின் மேசையில் வைத்தார்.

"எங்க ஆய்வுக்கூடத்துல என் மருமக பொய் முடிவு எழுதிட்டா. அந்த மருந்தைச் சாப்பிட்ட பதினோரு பேரால இப்போ கையைத் தூக்க முடியல. நாளைக்கு இந்தப் புகார் அரசாங்கத்துக்குப் போகணும். நீங்க உறுதிப்படுத்தினா போதும். அவ வெளியிலேர்ந்து வந்தவ. குடும்பப் பேர் தப்பிச்சிடும்."

"முதல்ல தட்டுகளைப் பார்ப்போம் ஐயா."

ஆய்வுக்கூடத்தில் மருமகள் தணிந்த குரலில் விளக்கினாள். தசையின் இளஞ்செல்கள் வட்டத் தட்டில் ஒரு வாரத்தில் ஒன்றோடொன்று கூடி நீண்ட இழைகளாகும். மருந்து கலந்த தட்டிலும் அப்படியே கூடினால் மருந்துக்குத் தேர்ச்சி. உதிரியாகவே நின்றால் அது தசைக்குக் கேடு. மூன்று தட்டில் மருந்து. மூன்றில் வெறும் கரைசல். உபரியாக வெறும் கரைசலில் இன்னும் மூன்று.

"கடைசி ரெண்டு நாள் காய்ச்சல்ல படுத்துட்டேன். வந்தப்போ ஆறு தட்டுதான் இருந்தது. உபரியைத் தூக்கிப் போட்டாச்சுன்னு நினைச்சு, அவசரமா எண்ணி முடிச்சேன்."

கூடத்தின் சாவி மூவரிடம் இருந்தது: அவளிடம், பத்து வருடமாக அவளோடு அதே மேசையில் வேலை செய்யும் பணியாளரிடம், அலுவலக வேலை மட்டும் பார்க்கும், பெரியவரின் மகனிடம்.

"மூடியைப் பாருங்க, எல்லாத்துலயும் அவ கையெழுத்துதான்," என்றான் மகன்.

துப்பறிவாளரின் உதவியாளர் துள்ளினார். "ஆமா சார்! கதை முடிஞ்சுது!"

"நீ மூடியோட நின்னுட்டப்பா." துப்பறிவாளர் 'மருந்து' என்றிருந்த தட்டு ஒன்றைத் தலைகீழாகத் திருப்பினார். அடியில், ஓரமாக, மெல்லிய சிவப்புக் கோடு. மற்ற இரண்டிலும் அதே கோடு. "இது என்னம்மா?"

மருமகளின் முகம் வெளிறியது. "உபரிக்கு நாங்க போடற அடையாளம். மூடி மாறிடும், அதனால அடியிலயும் குறிப்போம். அன்னிக்கு ஒரு நாள் மட்டும்... நான் திருப்பிப் பார்க்கல. அப்புறம், எண்ணி முடிச்ச தட்டுகளைப் பதப்படுத்தி வைக்கற அலமாரிச் சாவியை மாமா வாங்கிட்டாங்க."

"உதிரியாவே நின்னுட்ட மருந்துத் தட்டுகளை வீசிட்டு, அதோட மூடிகளை உபரி மேல போட்டிருக்காங்க. இந்த மேசையில வேலை செய்யறவங்க செஞ்சிருந்தா அந்தக் கோட்டை முதல்ல அழிச்சிருப்பாங்க. மூடியை மட்டும் நம்பினவர் தட்டைக் கையில பிடிச்சே பழகாதவர்."

பணியாளர் தலையைக் குனிந்துகொண்டார். பெரியவர் மகனைப் பார்த்தார்; இல்லையென்று சொல்வான் எனக் காத்திருந்தார்.

"நீங்கதானே சொன்னீங்கப்பா," என்றான் மகன். "மருந்தை வெளியிடற தேதி தவறினா இந்தக் குடும்பத்துக்கு மானமில்லன்னு."

சாகும்வரை வளையாது என்று அவர் நினைத்திருந்த முதுகு நாற்காலியைத் தேடியது. உட்கார்ந்து, கடிதத்தை நான்காகக் கிழித்தார்.

"புதுசா எழுதும்மா," என்றார் மருமகளிடம். "அவன் செஞ்சதை எழுது. தேதி குறிச்சது நான்னும் எழுது."

"மாமா, குடும்பப் பேர்..."

"அடியில அதைத்தான் கையெழுத்தா போடப் போறேன். எழுது."