பழைய சேனலில் ஒரு கோடு

ஆன்டெனாவை அவர் இன்னும் மாட்டவே இல்லை. பிளாஸ்டிக் உறைக்குள் சுருண்டபடி அது மேசை ஓரத்தில் கிடந்தது. ஆனாலும் கணினித் திரையில் மெல்லிய மஞ்சள் கோடு ஒன்று இறங்கிக்கொண்டிருந்தது.

வயர்லெஸ்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். கணினியின் பக்கவாட்டில் கட்டைவிரல் அளவு டாங்கிள் ஒன்று செருகியிருந்தது. காற்றில் வரும் வானொலி அலைகளை அது பிடித்துத் தரும். மிச்சத்தையெல்லாம் மென்பொருள் பார்த்துக்கொள்ளும். நீலத் திரையில் அலைகள் மேலிருந்து கீழாக மழைபோல் வழியும். யாராவது எங்காவது பேசினால் அந்த இடத்தில் கோடு விழும். டிரைவரை மூன்று முறை நிறுவி, கணினியை இரண்டு முறை அணைத்துப் போட்டு, காலையிலிருந்து மல்லுக்கட்டியதில் சாப்பாட்டு நேரமும் தாண்டி இப்போதுதான் இந்த மழையே கண்ணில் பட்டிருந்தது.

டாங்கிளை வாங்கிக் கொடுத்தவள் மனைவி. “ரிடையர் ஆனதுலேர்ந்து உம்முன்னு உக்காந்திருக்கீங்க. இதையாவது நோண்டிட்டு இருங்க, என் சமையலறைக்கும் நிம்மதி” என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பை நேராகப் பார்க்க முடியாமல் அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவள் எந்த நல்லது செய்தாலும் மூன்று வருடமாக அவருக்கு அப்படித்தான் இருக்கிறது.

மூன்று வருடத்துக்கு முன்பு, துறைமுகத்து வயர்லெஸ் அறையில், ஒரு நாள் அவருக்குத் தலைவலி. ஒலிபெருக்கியின் ஓயாத இரைச்சல் மண்டையைக் குடைந்தது. ஸ்கெல்ச் என்று ஒரு குமிழ் உண்டு. அதைத் திருகினால் இரைச்சல் அடங்கும். அளவுக்கு மீறித் திருகினால் தூரத்திலிருந்து வரும் பலவீனமான குரலும் சேர்ந்து அடங்கிவிடும். வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே சொல்லித் தருகிற விஷயம் அது. தெரிந்தேதான் அவர் கடைசி வரை திருகினார். இரண்டு மணி நேரம் அறை நிம்மதியாக இருந்தது. அந்த இரண்டு மணி நேரத்தில்தான் மனைவியின் தம்பி ஓட்டிப்போன படகு மூழ்கியது.

விசாரணையில், எந்த அழைப்பும் வரவில்லை என்றார். குமிழை அதற்கு முன்பே பழைய இடத்துக்குத் திருப்பி வைத்திருந்தார். மனைவி அவர் தோளில் சாய்ந்துதான் அழுதாள். “பாவம், நீங்க மட்டும் என்ன பண்ணுவீங்க” என்று அவரையே தேற்றவும் செய்தாள். அன்றே சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் அவள் ஒரு நிமிடம்கூட இந்த வீட்டில் இருக்க மாட்டாள் என்ற பயம் அவர் வாயை அடைத்துவிட்டது.

இப்போது திரையின் நடுவில் விழும் இந்த மஞ்சள் கோடு பொய்க்கோடாக இருக்கும் என்று நினைத்தார். இந்த டாங்கிள்களுக்கே உள்ள கோளாறு அது. எந்த அலைவரிசைக்குப் போனாலும் அதுவும் கூடவே வந்து நடுவில் நிற்கும் என்று படித்திருந்தார். மவுஸை உருட்டி அலைவரிசையைச் சற்றுத் தள்ளினார். நடுவில் எதுவும் இல்லை. கோடு தன் எண்ணிலேயே நின்றபடி திரையின் இடப்பக்கம் ஒதுங்கியது. அப்படியானால் நிஜமாகவே யாரோ பேசுகிறார்கள். எண்ணைப் படித்தார். துறைமுகத்தின் பழைய சேனல். போன வருடமே கைவிட்டுவிட்டார்கள்.

வெளியே நல்ல வெயில். சமையலறையில் குழாய் ஓடிக்கொண்டிருந்தது. ஹெட்ஃபோனை மாட்டினார். முதலில் அவருக்குப் பழக்கமான இரைச்சல். அதற்கடியில் திணறித் திணறி ஓடும் இன்ஜின். பலகையில் தண்ணீர் அறையும் சத்தம். எங்கிருந்தோ டீசல் வாடை வந்தது. பிறகு, வெகு தூரத்திலிருந்து, அவசரமே இல்லாத ஒரு குரல்.

“அத்தான்... கேக்குதா அத்தான்? தண்ணி ஏறுது.”

அவர் கை தானாகவே மவுஸுக்குப் போனது. திரையிலும் ஒரு ஸ்கெல்ச் இருந்தது. அதைக் கடைசி வரை இழுத்தார். நிசப்தம். இழுத்து முடித்த பிறகுதான் என்ன செய்தோம் என்பது உறைத்தது. வெட்கத்தில் காது எரிந்தது. மறுபடியும் அதையேதான் செய்திருந்தார்.

சத்தம்தான் நின்றிருந்தது. கோடு நிற்கவில்லை. தடித்துக்கொண்டே வந்தது. பக்கத்தில் சிக்னலின் வலுவைக் காட்டும் அளவுமானி ஏறியது. கிட்டே வர வர வலு கூடும். அது அவருக்குத் தெரியும்.

இன்னும் ஏறியது.

டாங்கிளைப் பிடுங்கினார். விரலில் ஈரம். கோடு இறங்கிக்கொண்டேயிருந்தது. கணினியின் பொத்தானை அழுத்தினார். அணையவில்லை. ஹெட்ஃபோனைக் கழற்றி எறிந்தார்.

“என்னங்க, வேலை செய்யுதா?” மனைவி கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள்.

“இல்ல. கோளாறு. கடையிலயே திருப்பிக் குடுத்துடலாம்.”

“அதுக்குள்ளயா? குடுங்க பாப்போம்.”

இப்போதாவது சொல்லிவிட வேண்டும். மூன்று வருடமாக மனதுக்குள் ஒத்திகை பார்த்த வாக்கியம் நாக்கு நுனிவரை வந்தது. அதற்குள் அவள் குனிந்து ஹெட்ஃபோனை எடுத்து மாட்டிக்கொண்டாள்.

அவள் முகம் மலர்ந்தது. அப்படி அவளைப் பார்த்து எத்தனையோ நாளாகிவிட்டது.

“ம்... ம். சொல்லுடா.”

அந்தக் கருவியால் கேட்க மட்டும்தான் முடியும். பேச முடியாது. அதில் மைக்கே இல்லை.

“அப்படியா... எத்தனை தடவை கூப்பிட்டே?” அவள் தலையசைத்தாள். சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக வடிந்தது. “அவர் எதுவும் சொல்லலையேடா.”

“நான் சொல்றேன்...” என்று அவர் ஓரடி முன்னால் வந்தார்.

அவள் மெதுவாகத் திரும்பி அவரைப் பார்த்தாள். அவள் கண்ணில் கோபம் இல்லை. எதுவுமே இல்லை.

“ஆமா. இங்கதான் இருக்காரு. இருடா, தர்றேன்.”

ஹெட்ஃபோனைக் கழற்றி அவரிடம் நீட்டினாள். அதன் இரு பக்கமிருந்தும் கறுப்புத் தண்ணீர் அவள் கைவழியே வழிந்து முழங்கையிலிருந்து தரையில் கொட்டியது. கொட்டுவது நிற்கவில்லை. அவள் கையையும் தாழ்த்தவில்லை.