அம்மாவின் தலைமாட்டில் ஒரு கடகடப் பெட்டி

என் அப்பாவை எதையாவது வாங்கி வரச் சொன்னால், கடையில் இருப்பதிலேயே பெரியதைத்தான் வாங்கி வருவார். குடை என்றால் நான்கு பேர் நிற்கும் குடை. ரைஸ் குக்கர் என்றால் ஒரு கல்யாணத்துக்கே சோறாக்கலாம். "நாம மூணு பேருதாம்பா" என்று நான் சொல்வதெல்லாம் செவிடன் காதில் ஊதிய சங்குதான்.

போன சனிக்கிழமை அவர் வாங்கி வந்தது படங்களைச் சேமித்து வைக்கும் பெட்டி. எங்கள் செல்போன்களில் இனி ஒரு படம்கூட எடுக்க இடமில்லை. இந்தப் பெட்டிக்குள் இரண்டு ஹார்ட் டிஸ்க்கைப் போட்டு இன்டர்நெட் வயரைச் சொருகினால், எல்லாப் படங்களும் தாமாகவே அதற்குள் போய்விடும். ஒரு டிஸ்க் கெட்டாலும் இன்னொன்றில் நகல் இருக்கும். நல்ல யோசனைதான்.

ஆனால், தைபேயில் எங்கள் வீடு தீப்பெட்டி அளவுதான். இன்டர்நெட் வயர் வருவது படுக்கையறைச் சுவரில். அதற்கு நேர் கீழே அம்மாவின் தலையணை.

அம்மா ஆஸ்பத்திரியில் இரவு வேலை பார்க்கும் நர்ஸ். காலையில் வந்து படுத்தால் மாலை வரை தூங்க வேண்டும். பெட்டி வந்த நாளிலிருந்து அந்தத் தூக்கம் போயே போய்விட்டது. 'உய்ய்ய்ங்' என்று ஓர் இரைச்சல். நடுநடுவே 'கடகட கடகட' என்று யாரோ கூழாங்கல்லை மெல்வதுபோல ஒரு சத்தம்.

வியாழக்கிழமை அம்மா என் சாப்பாட்டு டப்பாவில் சோற்றுக்குப் பதில் துணி சோப்புத் தூளைப் போட்டு மூடிவிட்டார். பிறகு தன் கைகளையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஊசி போடுற கை, ஈஜென். இது இப்படி நடுங்கக் கூடாது" என்றார். எனக்குப் பயமாக இருந்தது.

அப்பா என்ன செய்தார் தெரியுமா? பச்சைப் பொட்டலம் வாங்கி வந்தார்!

எங்கள் ஊரில் இயந்திரம் ஒழுங்காக ஓட வேண்டும் என்றால், தேங்காய் மணக்கும் சோளப்பொரிப் பொட்டலம் ஒன்றை அதன்மேல் வைப்பார்கள். பச்சைப் பொட்டலம்தான் வைக்க வேண்டும். மஞ்சளை வைத்தால் இயந்திரம் முரண்டு பிடிக்குமாம். தேதி முடிந்திருக்கக் கூடாது. முக்கியமாக, யாரும் அதைத் தின்றுவிடக் கூடாது. ஒரு பொட்டலம் போதும். என் அப்பா ஆறு வைத்தார்.

பெட்டி முன்னைவிடச் சத்தமாக இரைந்தது.

"பாத்தியா, பதில் சொல்லுது!" என்றார் அப்பா.

நான் தலையில் அடித்துக்கொண்டேன்.

சனிக்கிழமை காலை. அம்மா காதில் துண்டைச் சுற்றிக்கொண்டு கண்ணை மூடிப் படுத்திருந்தார். தூங்கவில்லை என்று பார்த்தாலே தெரிந்தது. நான் பூனைபோலப் போய்ப் பெட்டியைத் தொட்டுப் பார்த்தேன். அடுப்பில் வைத்ததுபோலச் சுட்டது. பொட்டலங்கள் காற்று போகும் ஓட்டைகளை அடைத்துக்கொண்டு கிடந்தன. எல்லாவற்றையும் தூக்கித் தரையில் வைத்தேன்.

"ஐயோ, எடுக்காதே! அதுக்குக் கோபம் வரும்!" என்று வாசலில் நின்று கிசுகிசுத்தார் அப்பா.

"அதுக்கு ஏற்கெனவே காய்ச்சலே வந்துடுச்சுப்பா. மூச்சு விடட்டும்."

பத்து நிமிடத்தில் இரைச்சல் பாதியாகக் குறைந்தது. ஆனால், கடகட குறையவில்லை. ஆக, சத்தம் ஒன்றல்ல, இரண்டு. இரைச்சல் ஃபேனுடையது. கடகட டிஸ்க்குடையது. அம்மாவின் தலையணைக்குப் பக்கத்தில் செல்போனை வைத்து அதைப் பதிவு செய்யப் பார்த்தேன். பதிவு செய்ய இடமில்லை என்றது செல்போன். அப்பாவின் மூன்று குடைப் படங்களை அழித்துவிட்டுப் பதிவு செய்தேன்.

"ஏழு நாளைக்குள்ள மாத்திக்கலாம்னு பில்லுல போட்டிருக்கு. இன்னைக்குத்தான் கடைசி நாள். கிளம்புங்கப்பா" என்றேன்.

பெட்டியைக் கழற்றி எடுத்துக்கொண்டு கிளம்பினோம். கணினிச் சந்தையின் கீழ்த்தளத்தில் இருந்தது கடை. கடைக்கார ஷியூ அக்கா நான் போட்டுக் காட்டிய சத்தத்தைக் கேட்டுவிட்டு அப்பாவை முறைத்தார்.

"இது கம்பெனிக்குப் போடுற டிஸ்க் சார். அங்கெல்லாம் சர்வருக்குன்னு தனி ரூம் இருக்கும். எவ்வளவு கத்தினாலும் கேக்க ஆளில்ல. இருக்கறதுலயே பெரிசு, வேகமானது வேணும்னு நீங்கதானே கேட்டீங்க?"

"வேகமா இருந்தா நல்லதுதானே?" என்றார் அப்பா. அவர் கண் அதற்குள் நான்கு டிஸ்க் போடும் ஒரு பெட்டியின் நீல விளக்குமேல் மேயத் தொடங்கிவிட்டது.

"அப்பா! அந்தப் பக்கம் பாக்காதீங்க!" அவர் சட்டையைப் பிடித்து இழுத்தேன். "அக்கா, எங்களுக்கு வேகம் வேண்டாம். வெறும் குடும்பப் படம்தான். எங்க அம்மா இதுக்குப் பக்கத்துல தூங்கணும். எது சத்தம் போடாது?"

அக்கா சிரித்தார். "இதை மொதல்லயே கேட்டிருந்தா பிரச்சினையே இல்லையே. மெதுவாச் சுத்துற வீட்டு டிஸ்க் ரெண்டு எடுத்துக்கோ. பெட்டியையும் மாத்திடு. பெரிய ஃபேன் உள்ளதா எடு. சின்ன ஃபேன் ஓடி ஓடிக் கத்தும். பெரிசு நிதானமாச் சுத்தும்."

"பாத்தியா, பெரிசு!" என்றார் அப்பா.

நான் அக்கா பக்கம் திரும்பினேன். "அக்கா, ஓட விட்டுக் காட்டுவீங்களா? இந்தச் சந்தை இரைச்சல்ல இல்ல. உங்க கடைக்குள்ள, கதவை மூடிட்டு."

சரக்கு அறையில் அட்டைப்பெட்டிகளுக்கு நடுவே தரையில் படுத்தேன். அக்கா பெட்டியை என் தலைமாட்டில் வைத்து ஓட விட்டார். நான் கண்ணை மூடிக்கொண்டேன். மெல்லிய மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது. அது என்னுடையதா பெட்டியுடையதா என்று கொஞ்ச நேரம் குழம்பினேன்.

"இதுதான்" என்றேன்.

வீட்டுக்கு வந்தபோது அம்மா அசந்து தூங்கிக்கொண்டிருந்தார். அடியில் ஒரு ரப்பர் விரிப்பைப் போட்டு, மேலே எதையும் வைக்காமல் பெட்டியை ஓட விட்டோம். அம்மா எழவில்லை. மதியம் ஆயிற்று. எழவில்லை. நானும் அப்பாவும் நூடுல்ஸைக்கூட உறிஞ்சாமல் தின்றோம்.

ஐந்து மணிக்கு அம்மா கதவைத் திறந்தார். கன்னத்தில் தலையணைக் கோடு.

"அந்தப் பெட்டியைத் திருப்பிக் குடுத்துட்டீங்களா?"

"மாத்தியாச்சு. புதுசு காலையிலேர்ந்து ஓடிக்கிட்டுதான் இருக்கு" என்றேன்.

அம்மா உள்ளே போய்ப் பெட்டியில் காதை வைத்துக் கேட்டார். கையை வைத்தும் பார்த்தார். அந்தக் கை நடுங்கவில்லை.

"யார் பாத்து எடுத்தது?"

அப்பா மார்பை நிமிர்த்தி வாய் திறந்தார். நான் அவரை ஒரு பார்வை பார்த்தேன். வாய் மூடியது. மறுபடி திறந்தது.

"ஈஜென்தான்" என்றார்.

அம்மா என் தலைமுடியைக் கலைத்துவிட்டார். "இன்னைக்கு எனக்கு லீவு" என்று சொல்லிக்கொண்டே மறுபடி உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு தூங்கிவிட்டார்.