குசினித் தெய்வம் போன இடம்

“மடு மாதா மேல ஆணை, தம்பி. நான் எரிக்கேல்லை,” என்றார் யசிந்தா. நார்த்மீட்டில் தனபாலன் வீட்டுக் கதிரையின் நுனியில் உட்கார்ந்திருந்தார். கொடுத்த தேத்தண்ணியைத் தொடவில்லை.

எரிந்தது ஒரு சீனக் குசினித் தெய்வத்தின் படம். மகன் நிஷான் கட்டிய சீனப் பெண் லின் அதை அடுப்புக்கு மேலே ஒட்டியிருந்தாள். வியாழன் விடிய அவள் தாயைப் பார்க்க மெல்பேர்ணுக்குப் போனாள். அன்று பின்னேரம் நிஷான் கண்டது வெறுஞ்சுவரையும், பின்வளவில் சாம்பலையும். யசிந்தாவுக்கு அந்தப் படம் ஆகாது என்பது வீடறிந்த கதை. நிஷான் அவரோடு பேச்சை முறித்துக்கொண்டு கெல்லிவில்லில் தனிவீடு பார்க்கத் தொடங்கிவிட்டான்.

“லின் என்ன சொல்லுறா?” என்று கேட்டார் தனபாலன்.

“அவளுக்கு இன்னும் சொல்லேல்லை. எந்த முகத்தோட சொல்லுறது எண்டு கேக்கிறான். இண்டைக்கு வாறாள். எனக்கு அவன் ஒருத்தன்தான், தம்பி.”

தனபாலன் காப்புறுதி நிறுவனத்தில் தீ விபத்துகளைத் துருவிப் பார்த்து ஓய்வுபெற்றவர். அக்கா மகள் டிலக்சிக்கு அவரோடு துப்பறியப் போவதென்றால் சோறு தண்ணி வேண்டாம். யசிந்தா வீட்டுக் குசினிக்குள் நுழைந்ததுமே, “அன்ரிதான் மாமா,” என்று காதில் ஓதினாள்.

தனபாலன் சுவரைப் பார்த்தார். நாலு மூலை ஒட்டுப்பசையும் அப்படியே இருந்தது. அதில் கடதாசித் துணுக்குக்கூட இல்லை. நடுவே வடிந்து காய்ந்த ஒரு கோட்டில் எறும்புகள் மொய்த்தன. பின்வளவில் சாம்பலோ ஒரு மண்சட்டிக்குள் கிடந்தது. அவர் லின் வரும்வரை காத்திருந்தார்.

பெட்டியோடு வந்தவளையும் நிஷானையும் இருத்திவிட்டுத் தொடங்கினார்.

“கோவத்தில கிழிச்சால் மூலையில கடதாசி நிக்கும். இது பக்குவமாக் கழட்டினது. சுவரில வடிஞ்சது தேன். பிடிக்காத சாமிக்கு ஆர் தேன் பூசுவினம்? சீனப் புத்தாண்டுக்கு ஒரு கிழமை முந்திக் குசினித் தெய்வம் மேல போய், வானுலகை ஆளுற ஜேட் பேரரசரிட்ட வீட்டு நடப்பெல்லாம் சொல்லுமாம். படத்தை எரிக்கிறதுதான் வழியனுப்புறது. நல்லதையே சொல்லட்டும் எண்டு வாயில தேன் பூசுவினம். வருசா வருசம் இந்தக் கிழமையில இப்பிடி எரிக்கப் போய் வேலி தீப்பிடிச்ச கேஸ் எத்தினை பாத்திருக்கிறன்.”

லின் திகைத்து, தானே எரித்ததாக ஆங்கிலத்தில் சொன்னாள். யாரும் கேட்கவில்லையே என்றாள். நிஷானுக்குத் தலை நிமிரவில்லை. பெற்ற தாயைச் சந்தேகித்தவன், மனைவியிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

“ஏன் சுவரில வடியுமளவுக்குத் தேன்?” என்று கேட்டாள் டிலக்சி. தனபாலன் கண்ணால் அடக்கப் பார்த்தார். பிந்திவிட்டது.

லின் தயங்கினாள். பிறகு, அந்த வீட்டில் முதல்முறையாகத் தமிழில் பேசினாள்.

“மாமி ஒவ்வொரு நாளும் விடிய இங்க நிண்டு தங்கச்சியோட போன் கதைக்கிறவ. என்னைப் பற்றி. அதைக் கேட்டுத்தான் தமிழ் படிச்சனான். சாமியும் கேட்டது. மேல போய்ச் சொன்னால் மாமிக்குக் கூடாது. அதுதான் கனக்கப் பூசினனான்.”

யசிந்தாவின் முகம் செத்துப்போனது. என்னென்ன சொல்லியிருக்கிறார் என்பது அவருக்குத்தானே தெரியும்.

“அம்மா, என்னை மன்னி...” என்று நிஷான் தொடங்கினான்.

“என்னட்டக் கேளாதை,” என்றார் யசிந்தா. “கெல்லிவில் வீட்டை எடு. இவளைக் கூட்டிக்கொண்டு போ. நான் இனி எந்த முகத்தோட இந்தக் குசினிக்க நிப்பன்?”