பலகையின் அடுத்த முனை

"ஏங்க, முன்னாடி ஆள் வர்றது தெரியலையா?"

ஹாலிஃபாக்ஸ் நகரத்து மழையில் ஜோசெட் கத்தினாள். பால்புதுமையினரின் வானவில் ஊர்வலத்துக்காக அவள் எழுதிய பதாகையில் ஒரு நீளமான மரப்பலகை மோதி நின்றது. பலகைக்கு அடியில் ஒரு பெண்.

"தெரியலைங்க. பலகை முன்னாடி போகுது, நான் பின்னாடி வர்றேன்."

கண்களில் மட்டும் சிரிப்பு… இமையில் நின்ற மழைத்துளி விழ மறுத்தது. ஜோசெட்டின் கோபம் எங்கோ போய்விட்டது.

"எழுத்தெல்லாம் கரையுது பாருங்க. பலகைக்குக் கீழ வாங்க, இந்தக் கூரைக்கு வாடகை இல்ல."

பலகையைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு இருவரும் சமூகக் கூடத்துக்கு நடந்தார்கள். தோள் உரசியது… இருவருமே விலகவில்லை.

"உங்க பேரு?"

"கோரா."

அந்தப் பெயர் ஜோசெட்டுக்குத் தெரியும். முகம்தான் தெரியாது.

இரண்டு வருடங்களுக்கு முன் ஊர்வல மேடைக்குச் சாய்வுப் பலகை கொண்டுவருவதாகச் சொல்லி, வராமல் போனவள். சக்கர நாற்காலியில் வந்த மார்த், எழுதிவைத்த உரையோடு மேடைக்குக் கீழேயே இருந்துவிட்டாள். அன்றே ஊர்வலக் குழுவின் இணையப் பக்கத்தில் ஜோசெட் எழுதினாள்: 'கோராவை இனி எதற்கும் அழைக்காதீர்கள்.' என்ன ஆயிற்று என்று கேட்கவில்லை. தன் பெயரையும் போடவில்லை. முந்நூறு பேர் ஆமோதித்தார்கள். அது அவளுக்கு இனித்தது.

சொல்லாமல் இருந்துவிட்டால்? இந்தத் தோள் இன்னும் கொஞ்ச நேரம் பக்கத்தில் இருக்குமே…

கூடத்தில் ஊர்வலக் குழுவினர் எல்லோரும் வட்டமாக உட்கார்ந்தார்கள். அங்கே ஒரு வழக்கம்: கைமாறி வரும் கடற்கரைக் கல் யார் கையில் இருக்கிறதோ அவர்தான் பேசலாம். முதலில் கோரா வாங்கினாள்.

"மறந்துட்டேன் மார்த். வேற காரணம் இல்ல. வெக்கத்துல ஃபோனையும் எடுக்கல. இந்தச் சாய்வுப் பலகை உனக்காகச் செஞ்சது."

மார்த் கல்லை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். படியில் சாய்த்த பலகையில் நாற்காலியை ஏற்றினாள், இறக்கினாள்.

"ரெண்டு வருஷம் லேட்டு. ஆனா பலகை ஆடல."

கூடம் சிரித்தது. கல் ஜோசெட்டிடம் வந்தது.

"அந்தப் பதிவை எழுதினது… நான்தான். கோராகிட்ட ஒரு வார்த்தை கேக்கல."

கோராவின் கண்களில் சிரிப்பு அணைந்தது. எழுந்து வெளியே போனாள்.

ஜோசெட் பின்னாலேயே ஓடினாள். "மன்னிச்சிடுங்க…"

"எனக்குன்னு இருந்தது இந்தக் கூடம் ஒண்ணுதான். ரெண்டு வருஷம் இந்தத் தெருப்பக்கமே வரல." கோரா திரும்பினாள். "நான் பலகை செஞ்சேன். நீ என்ன செய்யப் போற?"

ஜோசெட் ஃபோனை எடுத்தாள். அதே பக்கத்தில் எழுதிக் காட்டினாள்: 'கோரா தன் தவறைச் சொன்னாள், சரிசெய்தாள். கேட்காமல் தீர்ப்பு எழுதியது என் தவறு. ஜோசெட்.'

கோரா இரண்டு முறை படித்தாள்.

"இன்னொண்ணு இருக்கு," என்றாள் ஜோசெட். "அதை அங்க எழுத முடியாது. மழையில தோள் பட்டப்பவே… உங்களைப் பிடிச்சுப்போச்சு."

"பேரு தெரிஞ்சப்புறம்?"

"பயந்தேன். ஆனாலும் பிடிச்சிருந்தது."

கோரா முகத்தில் வழிந்த மழையைத் துடைத்துக்கொண்டாள்.

"கோவம் இன்னும் போகல எனக்கு."

"இருக்கட்டும்."

"ஊர்வலத்தன்னிக்குப் பலகையோட அடுத்த முனைக்கு ஆள் வேணும். கனம் ஜாஸ்தி, அம்மணி."

ஜோசெட் தலை நிமிர்ந்தாள்.

"தூக்குறேன்."