பனிமலைப் படத்தில் ஒரு புள்ளி

ஹாலில் ஒட்டியிருந்த வால்பேப்பரில் அந்தக் கறுப்புப் புள்ளி நேற்று வரை இல்லை. ஹஃபீசாவுக்கு அது நிச்சயமாகத் தெரியும். உயிருள்ள உருவம் கொண்ட படம் இருந்தால் மலக்குகள், அல்லாஹ்வின் வானவர்கள், வீட்டுக்குள் வரமாட்டார்கள் என்று, தாம்பரத்துக் கடையில் கண்ணை இடுக்கி இடுக்கிப் பார்த்து எடுத்த படமாயிற்றே. பனி மூடிய சின்னச் சிகரம், சரிவில் இரண்டு மூன்று கிராமங்கள், ஓர் அருவி, அடியில் ஏரி. ஆளோ ஆடோ கிடையாது.

இப்போது மேல் கிராமத்துப் பாதையில் எள்ளளவு ஏதோ.

“ஏங்க, இது மனுசன் மாதிரி இல்ல?”

பர்வேஸ் பைக் சாவியைத் தேடிக்கொண்டிருந்தான். “கொசுடி. நீ அடிச்சதுதான்.”

மறுநாள் அது நடுக் கிராமத்துக்கு இறங்கியிருந்தது. தோளும் தலையும் தெரிந்தன.

“கொசு டூர் போவுது போல,” என்று சிரித்துவிட்டு அவன் வேலைக்குக் கிளம்பினான்.

ரெண்டாங்கிளாஸ் படிக்கிற மகள் நிகத் சிரிக்கவில்லை. “ம்மா, அந்த ஆளு என்னயக் கூப்புடறாரு.”

அடுத்த நாள் சாயங்காலம் முடிச்சூரில் மழை. கரண்ட் இல்லை. ஃப்ரிட்ஜைத் திறந்தாற்போல் சுவரிலிருந்து குளிர் வந்தது, நனைந்த ஆட்டுரோம நாற்றத்தோடு. தண்ணீர் இரைச்சல் கேட்டு, மாடியில் டேங்க் வழிகிறது என்று நினைத்தாள். மோட்டார்தான் ஓடவில்லையே. இரைந்தது படத்து அருவி.

படத்தில் அந்த ஆள் ஏரிக்கரையில் நின்றான். பக்கத்தில் சின்னதாய் இன்னொரு உருவம், அவன் கையைப் பிடித்தபடி.

“நிகத், யூனிஃபார்ம் மாத்திட்டியா?”

“மாத்தறேம்மா.” படுக்கையறையிலிருந்து குரல்.

முகத்தை அழித்துவிட்டால் அது உருவமில்லை. பிஸ்கட் டப்பா, ஷாம்பு பாட்டில், எதில் முகம் இருந்தாலும் ஹஃபீசா சுரண்டிவிடுவாள். கட்டரை எடுத்தாள். உதடு ஷைத்தானிடமிருந்து காவல் தேடி அவூது ஓதியது. பெரியவன் முகத்தில் கத்தி வழுக்கியது. மறுபடி. வழுக்கியது.

சின்னதன் முகம் சுலபமாக உரிந்தது.

சுருள் கீழே விழுந்தது. அப்புறம்தான் சுவரில் மிச்சமிருந்த உருவத்தைப் பார்த்தாள். கட்டம் போட்ட பினஃபோர். சிவப்பு ரிப்பன். இறங்கிப்போன ஒரு சாக்ஸ்.

“நிகத்?”

படுக்கையறைக் கதவின் பக்கம் திரும்பினாள்.

“நிகத்தும்மா?”

கதவு திறந்தது. நிகத் வாசற்படியில் நின்றாள். ஒரு கை மட்டும் மேலே தூக்கியிருந்தது, யாரோ பிடித்திருப்பதுபோல. இரண்டு சிவப்பு ரிப்பன்களுக்கு நடுவே, முகம் இருந்த இடத்தில், வெறும் சுண்ணாம்பு வெள்ளை.