உயிரோடிருப்பவன் சட்டை

காலையில் மரச்சட்டத்தில் இழுத்துக் கட்டியபோது தட்டையாக இருந்த நினைவுப் போர்வையில், சாயங்காலத்துக்குள் லைலின் கட்டம் மட்டும் உப்பியிருந்தது.

ஓப்பல் உள்ளங்கையால் அழுத்தினாள். சூடாக இருந்தது. தேவாலயத்துக் கீழ்த்தளத்தின் ஈரச்சுவர் வாடையையும் ஆறிப்போன காப்பி வாடையையும் மீறி நிலக்கரிப் புகை நாறியது.

சுரங்கத் தீயில் மாண்டவர்களுக்காக அந்தக் கென்டக்கி மலையூர்ப் பெண்கள் கூடித் தைக்கும் போர்வை அது. செத்தவனின் சட்டைதான் அவனுடைய கட்டம். உயிரோடிருப்பவன் துணியிலிருந்து ஒரு நூல்கூட அதில் சேரக்கூடாது என்று, மடியை உதறிவிட்டுத்தான் ஒவ்வொருத்தியும் ஊசியைத் தொடுவாள்.

ஓப்பலின் மகன் லைலும் டார்லீனின் மகன் கர்ட்டிஸும் ஒன்றாகத்தான் சுரங்கத்தில் இறங்கினார்கள். கர்ட்டிஸ் மட்டும் ஏறி வந்தான். டார்லீன் கொடுத்துவைத்தவள் என்று ஊரே சொன்னது. ஓப்பலும் சொன்னாள், வயிறெரிந்துகொண்டே.

"என் பையன் சரியாவே சாப்பிட மாட்டேங்கிறான்டி, இளைச்சே போயிட்டான்," என்று நேற்று டார்லீன் குறைப்பட்டாள்.

"இளைக்கறதுக்காவது இருக்கானே!"

டார்லீன் முகம் சுருங்கிக் காப்பி போடப் போனாள். அவள் கூடையில் பட்டன் தைக்கக் கிடந்த கர்ட்டிஸின் சட்டையில் ஒரு துண்டு வெட்டி, லைலின் கட்டத்துக்கடியில் வைத்துத் தைத்துவிட்டாள் ஓப்பல். பிள்ளையைப் பறிகொடுப்பது என்னவென்று அவளுக்கும் தெரியட்டும்.

படிக்கட்டின் மேலிருந்து இப்போது டார்லீனின் குரல் கேட்டது. "ஓப்பல்! கர்ட்டிஸ் அங்க வந்தானாடி? மத்தியானம் படுத்தவனக் காணோம். பூட்ஸு வீட்டுலயே கெடக்கு!"

"இல்லயே."

தையலைப் பிரித்தாள். ஒன்று. இன்னொன்று. துணி மூச்சிழுத்தது.

பஞ்சுக்குள்ளிருந்து ஒரு முகம் மேலே முட்டியது. கர்ட்டிஸ். துணியோடு ஒட்டிய வாய் 'அம்மா' என்று அசைந்தது. இன்னும் நாலு தையல் பிரித்தால் வந்துவிடுவான். வந்ததும் டார்லீனிடம் ஓடுவான்.

பக்கத்தில் இன்னொரு முகம் புடைத்தது. அந்த மூக்கை ஓப்பல் கண்ணை மூடிக்கொண்டே சொல்வாள். லைல், கர்ட்டிஸின் கழுத்தில் கைபோட்டுப் படுத்திருந்தான்.

"பிரிக்காதம்மா. தனியா இருக்கப் பயமா இருக்கு."

மேலே தெருவில் டார்லீன் மகன் பெயரைக் கூவிக்கொண்டிருந்தாள்.

ஓப்பல் ஊசியில் நூல் கோத்தாள். அசைந்துகொண்டேயிருந்த கர்ட்டிஸின் வாயின் மேல் முதல் தையலைப் போட்டாள்.