நஸ்ரீனின் கல்லீரல் கவிதை

நஸ்ரீன் எழுதிய கவிதையின் கடைசி வரியில்தான் வம்பு தொடங்கியது.

துபாய்க்குப் பக்கத்திலுள்ள அஜ்மானில் ஜெபிஷா படிக்கும் பள்ளியில் பல நாட்டுப் பிள்ளைகள் உண்டு. கவிதை நாளன்று ஒவ்வொருவரும் தங்கள் வீட்டு மொழியில் ஒரு கவிதை சொல்லி, அதன் பொருளை ஆங்கிலத்தில் வாசிக்க வேண்டும் என்று சம்யுக்தா மிஸ் சொல்லியிருந்தார். ஈரானிலிருந்து வந்த நஸ்ரீன் தானே ஒரு கவிதை எழுதிவிட்டாள். அவளுக்கு ஆங்கிலம் இன்னும் சரியாகப் பழகவில்லை. அதனால் அவள் அப்பா ஆங்கிலத்தில் எழுதித் தந்த பொருளை வாசிக்கும் வேலை பக்கத்தில் உட்காரும் ஜெபிஷாவுக்கு வந்தது.

ஒத்திகையில் நஸ்ரீன் கண்ணை மூடிக்கொண்டு பாரசீகத்தில் சொன்னாள். புரியாவிட்டாலும் கேட்க இதமாக இருந்தது. பிறகு ஜெபிஷா வாசித்தாள்.

‘காற்றே, கடல் தாண்டிப் போகிறாயா?
என் அம்மாவின் ஜன்னலில் சற்று நில்.
மேகம் அழுதால் தோட்டம் சிரிக்கும்;
நான் அழுதால் எந்தப் பூ மலரும்?
உன்னைக் காணாமல், அம்மா,
என் கல்லீரல் ரத்தமாகிவிட்டது.’

பிறகு ஃபவாஸ், “லிவரா? மிஸ், இவளை டாக்டர்கிட்ட காட்டுங்க” என்றான்.

எல்லாரும் சிரித்தார்கள். ஜெபிஷா உதட்டைக் கடித்துப் பார்த்தாள். அடக்க முடியவில்லை, அவளும் சிரித்துவிட்டாள். மிஸ் மேசையைத் தட்டி வகுப்பை அடக்கினார். ஆனால் ஜெபிஷா சிரித்ததை நஸ்ரீன் பார்த்துவிட்டாள். தன் இடத்தில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

சாப்பாட்டு நேரத்தில் ஜெபிஷா அவளிடம் மன்னிப்புக் கேட்டாள். நஸ்ரீன் வெகுநேரம் ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு, தெரிந்த ஆங்கிலத்தில் மெல்லச் சொன்னாள். அவளுடைய தாத்தாவுக்கு அறுவை சிகிச்சை நடந்ததால், அவரைப் பார்த்துக்கொள்ள அம்மா ஈரானின் ஷிராஸ் நகரத்துக்குப் போயிருக்கிறாள். எப்போது வருவாள் என்று தெரியாது. பாரசீகக் கவிதைகளில் காற்றைத் தூது அனுப்புவார்கள், மேகம் அழும், தோட்டம் சிரிக்கும், பெரிய துக்கம் வந்தால் கல்லீரல் ரத்தமாகும்.

“கல்லீரலுக்குப் பதிலா இதயம்னு மாத்தி வாசிக்கட்டுமா?” என்று ஜெபிஷா கேட்டாள். “யாரும் சிரிக்க மாட்டாங்க.”

நஸ்ரீன் மறுப்பாகத் தலையை ஆட்டினாள். “இதயம் ஸ்டிக்கர்ல வரும். பென்சில் டப்பாவுல வரும். இது அவ்வளவு சின்ன துக்கம் இல்ல.”

கவிதையே சொல்லப் போவதில்லை என்று அவள் முடிவு செய்துவிட்டாள்.

அன்று மாலை ஜெபிஷாவின் தம்பி ஆன்றோ வரும் பள்ளி வேன் வெகுநேரமாக வரவில்லை. அவர்கள் அம்மா அருள்செல்வி மருத்துவமனையில் நர்ஸ். டியூட்டி முடிந்து வந்தவர், உடையைக்கூட மாற்றாமல் வாசலுக்கும் ஜன்னலுக்கும் நடந்தார். வழியில் வேனின் டயர் பஞ்சராகிவிட்டதாம். ஒருவழியாக ஆன்றோ சிரித்துக்கொண்டே வந்து இறங்கினான்.

அம்மா உடனே புஜைரா துறைமுகத்தில் வேலை பார்க்கும் அப்பாவுக்கு போன் செய்தார். “பிள்ளைய காணல்லன்ன உடனே எனக்க ஈரக்கொலையே பதறிப் போச்சு, கேட்டேளா?”

ஜெபிஷா நிமிர்ந்து பார்த்தாள். அம்மா போனை வைத்ததும் கேட்டாள். “அம்மா, ஈரக்கொலைன்னா என்ன?”

“ஈரல்தான் மக்ளே. லிவர்.” சொல்லிவிட்டு அம்மா ஆன்றோவின் தலையை இன்னொரு முறை தடவிப் பார்த்துக்கொண்டார்.

ஜெபிஷாவுக்கு இந்தத் தடவை சிரிப்பு வரவில்லை.

மறுநாள் காலையில் அவள் இன்னொன்றையும் கவனித்தாள். ஃபவாஸ் அதே கட்டடத்தில் இருக்கும் கேரளத்துப் பையன். அவன் பஸ்ஸில் ஏறும்போது அவனுடைய உம்மா சாப்பாட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு, “கரளே, கரளே” என்று கூப்பிட்டபடி ஓடி வந்தார். தினமும் கேட்கிற சொல்தான்.

பஸ் கிளம்பியதும் ஜெபிஷா அவன் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். “கரள்னா என்னடா?”

“செல்லமா கூப்பிடுறது.”

“சரி, ஆனா அதுக்கு அர்த்தம்?”

ஃபவாஸ் யோசித்தான். அவன் காது மெல்லச் சிவந்தது. “லிவர்” என்று முணுமுணுத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

பஸ் முழுக்கப் பிள்ளைகள். ஜெபிஷா ஒரு சத்தம் போட்டிருந்தால் போதும், அன்று முழுக்க அவனை ஓட்டியிருப்பார்கள். அவள் எதுவும் சொல்லவில்லை. பையை எடுத்துக்கொண்டு தன் இடத்துக்குத் திரும்பிவிட்டாள்.

அம்மா சொன்னதை மட்டும் நஸ்ரீனிடம் சொன்னாள். நஸ்ரீன் கண்களை அகல விரித்தாள். “உங்க வீட்டுலயுமா?” என்று இரண்டு முறை கேட்டாள். நீ பக்கத்தில் நின்றால் சொல்கிறேன் என்று ஒப்புக்கொண்டாள்.

கவிதை நாளன்று நஸ்ரீன் ஜெபிஷாவின் கையைப் பிடித்துக்கொண்டு முதலில் பாரசீகத்தில் சொன்னாள். குரல் முன் வரிசையைத் தாண்டவில்லை. ஜெபிஷா பொருளை வாசித்தாள். கடைசி வரி வந்ததும் தாளிலிருந்து கண்ணை எடுத்தாள்.

“தமிழ்ல லிவரை ஈரக்குலைன்னு சொல்வோம். என் தம்பி வர லேட்டானப்போ எங்க அம்மாவுக்கு அதுதான் பதறிச்சு” என்று சொல்லிவிட்டு, ஒரு சொல்லையும் மாற்றாமல் வாசித்து முடித்தாள்.

பின்னாலிருந்து யாரோ களுக்கென்று சிரித்தார்கள். எல்லாரும் ஃபவாஸைத்தான் திரும்பிப் பார்த்தார்கள். சிரித்தது அவன் இல்லை. அவன் எழுந்து நின்றான்.

“மிஸ், என் உம்மா என்னை தினமும் லிவர்னுதான் கூப்பிடுவாங்க. கரளே, கரளேன்னு.”

வகுப்பு வாய்விட்டுச் சிரித்தது. ஃபவாஸும் சேர்ந்து சிரித்தான். உடனே பாகிஸ்தானிலிருந்து வந்த ஹஃபீஸா கையைத் தூக்கி, அவள் அப்பா குட்டித் தம்பியை ‘ஜிகர்’ என்று கொஞ்சுவார், அதுவும் கல்லீரல்தான் என்றாள். நஸ்ரீனின் முகம் மலர்ந்தது. பாரசீகத்திலும் அந்தச் சொல் ‘ஜிகர்’தானாம்.

சிரிப்பு ஓய்ந்ததும் ஃபவாஸ் தயங்கித் தயங்கிக் கேட்டான். “மிஸ், அவ இன்னொரு தடவை சொல்வாளா? இங்கிலீஷ் வேண்டாம். அவ மொழியிலேயே.”

மிஸ் நஸ்ரீனைப் பார்த்தார். நஸ்ரீன் ஜெபிஷாவின் கையை விட்டுவிட்டு, வகுப்பின் நடுவுக்கு வந்து நின்றாள். இந்த முறை அவள் குரல் கடைசி பெஞ்சு வரைக்கும் கேட்டது.